வேற்று நாட்டுக் கதையை மலைப்பள்ளி வகுப்பில் நடத்துவது எப்படி: ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நீலகிரியில் எட்டாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை மொழிப்பாடம் நடத்துகிறவர்கள், ஊர் நூலகத்தில் வாசகர் வட்டம் வைத்திருப்பவர்கள், சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக் கதை படித்துக் காட்டுகிறவர்கள், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்களுக்கும் உதவும், ஆனால் உதாரணம் எல்லாம் இந்த மலையிலிருந்துதான் வரும்.

முதலிலேயே என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். வேற்று நாட்டுக் கதையைப் படித்து முடித்ததும் 'பார்த்தீங்களா, எல்லாரும் நம்மைப் போலத்தான்' என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் அந்த இடத்திலேயே பிள்ளை யோசிப்பதை நிறுத்திவிடும். அவர்கள் நம்மைப் போல இல்லாத இடம் எது, அங்கே அவர்களுக்கு என்ன நியாயம் இருந்தது, அந்த நியாயத்தை அவர்களிலேயே யார் ஒத்துக்கொள்ளவில்லை என்று தேடுகிற பழக்கம்தான் வேண்டியது. தூரத்து மனிதர்களிடம் இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடமும் அது மெல்ல வேலை செய்ய ஆரம்பிக்கும், அதற்காகத்தான் இத்தனை பாடு.

படி 1: வகுப்பைத் தெரிந்துகொள்ளுங்கள், கணக்கெடுக்காதீர்கள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு வகுப்பறையை எடுத்துக்கொண்டால் படுகர் ஹட்டியிலிருந்து (படுகர் ஊரை அப்படித்தான் சொல்வார்கள்) வருகிற பிள்ளை, எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளை, இருளர் கிராமத்திலிருந்து நடந்து வருகிற பிள்ளை எல்லாம் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும். கூடலூர், பந்தலூர் என்றால் இன்னும் கலவை: மலையாளம் பேசுகிற வீடுகள், பணியர், காட்டுநாயக்கர், 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். பல பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு மொழி, பள்ளியில்தான் தமிழ்.

ஆகவே கதையை ஆரம்பிக்கும்போதே 'நம் பண்பாட்டில் இப்படி, அவர்கள் பண்பாட்டில் அப்படி' என்று பிரித்துப் பேசினால், வகுப்பில் பாதிப் பேர் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் முழிப்பார்கள். அந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள். 'இந்தக் கிராமத்தில் இப்படி, எங்கள் வீட்டில் இப்படி' என்று பேசச் சொல்லுங்கள். வீட்டுக்கு வீடு வேறுபடும் என்பது அப்போதுதான் தானாக வெளியே வரும்.

யார் எந்தச் சமூகம் என்று வகுப்பில் எழுப்பிக் கேட்க வேண்டியதே இல்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும், அதுவும் எந்த இடத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும்.

படி 2: கதையைத் தேர்ந்தெடுப்பது

பாதி வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது, அதனால் அவசரப்படாதீர்கள். 'உலக நீதிக்கதைகள்' மாதிரியான தொகுப்புகளை நான் ஒதுக்கிவிடுவேன். அதில் ஜப்பான் கதையும் ஆப்பிரிக்கக் கதையும் ஒரே மாதிரி இருக்கும். ராஜா, புத்திசாலி ஏழை, கடைசியில் நீதி. ஊரைச் சீவி எடுத்துவிட்டு எலும்பை மட்டும் தருகிறார்கள். நமக்கு வேண்டியது ஊர் உள்ள கதை. அதில் மனிதர்கள் என்ன வேலை செய்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், எதற்குச் சண்டை போடுகிறார்கள், யாருக்குப் பயப்படுகிறார்கள் என்பதெல்லாம் தெரிய வேண்டும். சண்டை கண்டிப்பாக இருக்க வேண்டும். எல்லாரும் நல்லவர்களாக, விருந்தோம்பல் மிக்கவர்களாக வருகிற கதையில் பிள்ளைக்குக் கேட்க ஒன்றுமே இருக்காது.

இந்த மலைக்குப் பொருந்தும் என்று நான் நினைக்கிற சிலவற்றைச் சொல்கிறேன்.

சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்'. 1962இல் வெளியான கிர்கிஸியக் குறுநாவல். 1924இல் ஒரு மலைக் கிராமத்துக்கு வருகிற துய்ஷேன் என்கிற இளைஞன், தனக்கே எழுத்து அரைகுறையாகத்தான் தெரியும் என்கிற நிலையில், பாழடைந்த குதிரை லாயத்தைப் பள்ளிக்கூடமாக்குகிறான். குளிரில் உறைகிற ஓடையைச் சின்னப் பிள்ளைகள் தாண்ட முடியாது என்று தூக்கிக்கொண்டு கடக்கிறான், பணக்காரர்கள் குதிரை மேலிருந்து சிரித்துக்கொண்டு போகிறார்கள். அல்தினாய் என்கிற அநாதைப் பெண்ணை இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொடுக்கப் பார்க்கிற இடமும் அதில் வருகிறது. காட்டுப் பாதையில் நடந்து பள்ளிக்கு வருகிற பிள்ளைகளுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம்.

சினுவா அச்சிபியின் முதல் நாவல், 1958இல் வந்தது, தமிழில் 'சிதைவுகள்' என்று இருக்கிறது. நைஜீரியாவின் இக்போ மக்களைப் பற்றி அந்த மக்களில் ஒருவரே எழுதியது. முழுதாக நடத்த முடியாது, சில பகுதிகள் போதும்.

தாகூரின் 'காபூலிவாலா', 1892. கல்கத்தாத் தெருவில் உலர்பழம் விற்கிற ஆப்கானியர் ரஹ்மத், அவரோடு பழகுகிற மினி என்கிற சிறுமி. ஊட்டியில் திபெத்தியர்களிடம் ஸ்வெட்டர் வாங்காத குடும்பம் இங்கே குறைவு. விற்கிறவருக்கு ஊரில் யார் இருக்கிறார்கள் என்று நாம் கேட்டிருக்கிறோமா என்கிற கேள்வி அங்கிருந்து நேராக வந்துவிடும்.

டால்ஸ்டாயின் 'ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் வேண்டும்', 1886. இதை ஒரு தனிக் காரணத்துக்காகச் சேர்த்திருக்கிறேன், ஆறாம் படியில் வருகிறேன்.

படி 3: பொருளிலிருந்து ஆரம்பியுங்கள்

நாட்டின் பெயர், தலைநகரம், மக்கள்தொகை என்று ஆரம்பித்தால் அது சமூக அறிவியல் வகுப்பு ஆகிவிடும். உலக வரைபடத்தில் இடத்தை ஒரு முறை காட்டுங்கள், அது போதும். அப்புறம் கதையில் வருகிற பொருள் மூன்று நான்கை மட்டும் முன்னாலேயே அறிமுகம் செய்யுங்கள்: குதிரைப் பாலைப் புளிக்க வைத்துக் குடிக்கிற குமிஸ், இக்போ வீட்டில் விருந்தாளி வந்தால் உடைத்துப் பகிர்கிற கோலா கொட்டை, அவர்கள் உழவின் மையமான, யாம் என்கிற வள்ளிக்கிழங்கு வகை. படம் கிடைத்தால் காட்டலாம். வீடியோவை நம்பாதீர்கள், மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

கதைக்குள் வருகிற மற்ற புதிய விஷயங்களை அப்படியே விட்டுவைப்பது நல்லது. எல்லாவற்றையும் முன்கூட்டியே விளக்கிவிட்டால் பிள்ளைக்குக் கேட்பதற்கு எதுவும் மிஞ்சாது.

படி 4: சத்தமாகப் படியுங்கள்

முதல் வாசிப்பு உங்கள் குரலில். நிறுத்தி நிறுத்தி அருஞ்சொற்பொருள் சொல்லாமல், ஒரே மூச்சில், ஒரு பீரியடுக்குள் முடிகிற அளவு பகுதியை எடுத்துக்கொண்டு படியுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், 'சீ' என்பார்கள், யாராவது முகத்தைச் சுளிப்பார்கள். தடுக்க வேண்டாம். யார் எந்த இடத்தில் சிரித்தார்கள் என்று மட்டும் உங்கள் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வகுப்புக்கு உங்கள் பாடத்திட்டம் அந்தக் குறிப்புகள்தான்.

படி 5: கேள்விகள், மூன்று சுற்றாக

இந்த வழிகாட்டியில் எதையாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சுற்றில் என்ன நடந்தது என்பது மட்டும். அபிப்பிராயம் கிடையாது. அச்சிபியின் நாவலில் வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து இறங்குகிற பகுதி இருக்கிறது, அதை எடுத்துக்கொள்வோம். ஊர் பயப்படவில்லை, சந்தோஷப்படுகிறது. பிடித்து, மண் சட்டியில் வறுத்து, வெயிலில் காயவைத்து, பனை எண்ணெயோடு பல நாள் சாப்பிடுகிறார்கள். பிள்ளைகள் இதை வரிசையாகச் சொல்ல வேண்டும். 'அசிங்கம்' என்று ஒருவன் சொன்னால், 'அது உன் கருத்துடா, கதையில் என்ன இருக்கிறது சொல்லு' என்று திருப்பிவிடுங்கள். இது பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் பார்த்ததையும் நினைத்ததையும் பிரிக்கத் தெரியாமல்தான் பெரியவர்களே பல சண்டையில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது சுற்றில் அந்த ஊருக்குள் நின்று யோசிப்பது. ஏன் சந்தோஷம்? எப்போதோ அபூர்வமாக வருகிறது, யாருக்கும் சொந்தமில்லை, ஏழை பணக்காரன் எல்லாருக்கும் கிடைக்கிறது, கொழுப்புச் சத்துள்ள சாப்பாடு. பிள்ளைகளே ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பார்கள். அனேகமாக இந்த நேரத்தில் சமவெளியில் பாட்டி வீடு உள்ள ஒரு பிள்ளை எழுந்து, 'மிஸ், எங்க ஊர்ல ஈசல் பிடிச்சு அரிசியோட வறுப்பாங்க' என்று சொல்லும். வகுப்பு மறுபடி 'சீ' என்னும், ஆனால் இந்த முறை அந்தச் சத்தம் குறைவாக இருக்கும், ஏனென்றால் இப்போது அது அவர்கள் தோழியின் பாட்டி. இங்கே நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். அந்தப் பிள்ளை எப்படிப் பிடிப்பார்கள், எந்த மாதத்தில் வரும், எப்படிச் சிறகை நீக்குவார்கள் என்று சொல்லி முடிக்கட்டும்.

மூன்றாவது சுற்று கடினமானது. நியாயம் கண்டுபிடிக்க முடியாத இடத்துக்கு இப்போது போக வேண்டும். அதே நாவலில் இரட்டைக் குழந்தை பிறந்தால் காட்டில் விட்டுவிடுகிற வழக்கம் வருகிறது. அவர்கள் பண்பாடு, நாம் ஒன்றும் சொல்லக்கூடாது என்று மழுப்பாதீர்கள். காட்டுமிராண்டித்தனம் என்று ஒரே சொல்லில் முடிக்கவும் செய்யாதீர்கள். கதையைப் பாருங்கள்: காட்டுக்குள்ளிருந்து வருகிற குழந்தை அழுகை அந்த ஊரிலேயே வளர்கிற நோயே என்கிற பையனை உள்ளுக்குள் உலுக்குகிறது. ஒபியெரிக்கா என்கிற பெரியவர், தன் மனைவிக்குப் பிறந்த இரட்டையர்களை விட்டுவந்ததை நினைத்து, அவர்கள் என்ன குற்றம் செய்தார்கள் என்று தனக்குள் கேட்டுக்கொள்கிறார். வழக்கம் அந்த ஊருடையது, அதைக் கேள்வி கேட்ட மனசாட்சியும் அதே ஊருடையதுதான். ஒரு சமூகம் என்றால் ஒரே குரல் என்று நினைக்கிற பழக்கம் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில்தான் உடையும், நம்மைப் பற்றியும் சேர்த்து.

'முதல் ஆசிரியர்' நடத்தினால் அல்தினாயின் கல்யாணப் பேச்சு வருகிற இடத்தில் இதே மூன்று சுற்றும் பொருந்தும். அவளைக் கட்டிக்கொடுக்கப் பார்க்கிற அத்தைக்கு என்ன நெருக்கடி? அவளை வில்லியாக்கிவிட்டு நகர்ந்தால் பாடம் போய்விடும். படிப்பை நிறுத்திக் கல்யாணம் என்கிற பேச்சு உங்கள் வகுப்பிலேயே ஒரு பெண்ணின் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கலாம். அவளைப் பார்த்துப் பேசாதீர்கள், கதையைப் பார்த்துப் பேசுங்கள். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

படி 6: யார் சொல்கிறார்கள்?

இப்போது டால்ஸ்டாய். நிலத்துக்கு ஆசைப்பட்டு ஓடுகிற பாஹோம் என்கிற ரஷ்ய விவசாயியின் கதை எல்லாருக்கும் தெரியும், பேராசை கெடுக்கும் என்று பரீட்சைக்கு எழுதியும் இருப்பார்கள். அந்த நிலம் யாருடையது என்று கேளுங்கள். பாஷ்கீர் என்கிற மேய்ச்சல் மக்களுடையது. கதையில் அவர்கள் எப்படி வருகிறார்கள்? குமிஸ் குடிக்கிறார்கள், சிரிக்கிறார்கள், வெளியூர்க்காரன் ரஷ்யனுக்கு மலிவாக நிலத்தைத் தருகிறார்கள். அவர்களில் ஒருவராவது தனக்கென்று ஒரு கதையோடு வருகிறாரா? இல்லை. டால்ஸ்டாய் பெரிய எழுத்தாளர், அந்தக் கதையும் பெரிய கதை, இருந்தும் அது வெளியே நிற்கிறவரின் பார்வை.

பக்கத்தில் ஐத்மாத்தவை வையுங்கள். அவரும் குதிரையும் குமிஸும் உள்ள புல்வெளி மக்களைத்தான் எழுதுகிறார், ஆனால் அவர் அந்த மண்ணின் பிள்ளை. அவர் கதையில் மேய்ச்சல்காரர்களுக்குள்ளேயே பணக்காரன், ஏழை, பயந்தவன், துணிந்தவன் எல்லாரும் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் படித்துவிட்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை பேருக்குப் பெயர் இருக்கிறது, எத்தனை பேர் மனசுக்குள் நாம் போக முடிகிறது என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். பதில் கரும்பலகையில் வரும்போது அவர்களுக்கே புரிந்துவிடும்.

இங்கிருந்து மலைக்கு வருவது சுலபம். நீலகிரி மக்களைப் பற்றி வெளியாட்கள் எழுதியது ஏராளம். ரிவர்ஸ் என்கிற ஆங்கிலேயர் தோடர்களைப் பற்றி 1906இலேயே பெரிய புத்தகம் போட்டார். எமனோ என்கிற மொழியியலாளர் 1930களில் இங்கே தங்கித் தோடர் பாடல்களைச் சேகரித்து 1971இல் வெளியிட்டார், அதில் குறைந்தபட்சம் பாடுகிறவர்களின் குரல் இருக்கிறது. படுகர் வாழ்க்கையை வைத்து ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'குறிஞ்சித்தேன்' நாவல் 1963இல் வந்தது. அவரும் வெளியிலிருந்து வந்தவர், ஆனால் கணவரின் வேலை காரணமாகக் குந்தாவில் வாழ்ந்து, பழகி எழுதியவர். அதிலிருந்து இரண்டு பக்கத்தைக் கொடுத்து, வீட்டில் பெரியவர்களிடம் படித்துக் காட்டி, இது சரியாக இருக்கிறதா, எது விட்டுப்போயிருக்கிறது என்று கேட்டு வரச் சொல்லலாம். ஹட்டிப் பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல, எல்லாருக்கும் கொடுங்கள். மற்ற வீடுகளிலிருந்து வருகிற பதில்தான் சில சமயம் கூடுதலாகப் பேச வைக்கும்.

சுற்றுலாச் சுவரொட்டியில் தங்கள் பாட்டியின் படத்தைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். தன்னை யாரோ எடுத்துக் காட்டுவது எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், அதைச் சொல்ல இந்தக் கதைகள் ஒரு வழி கொடுக்கின்றன.

படி 7: திருப்பிப் போடுங்கள்

எழுத்துப் பயிற்சி இதுதான். அறிவு இல்லாத ஓர் அந்நியர் அல்ல, அல்தினாய் மாதிரி புத்திசாலியான, ஆனால் இந்த மலையை அறியாத ஒரு பெண் உங்கள் வீட்டுக்கு ஒரு நாள் வருகிறாள். அவளுக்கு எது விநோதமாகத் தெரியும்? அதற்கு உங்கள் வீட்டில் என்ன காரணம் சொல்வார்கள்? யார் அந்தக் காரணத்தை ஏற்கமாட்டார்கள்? ஒரு பக்கம் எழுதினால் போதும். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை, மலையாளிகள் முன்னோருக்குச் செய்கிற வாவு பலி, லைன் வீட்டு மாரியம்மன் திருவிழா, கிறிஸ்துமஸ் குடில், எதுவும் வரலாம். பெரியவர் முன்னால் சின்னவர் தலை குனிய, பெரியவர் அந்தத் தலையைத் தொட்டு வாழ்த்துவதைப் பற்றி எழுதுகிற பிள்ளை, 'எனக்கு ஏன் என்று தெரியாது, கேட்டு வருகிறேன்' என்று எழுதினால் அதற்கு முழு மதிப்பு கொடுங்கள்.

சங்கப் பாட்டையும் இப்படி நடத்தலாம். குறுந்தொகையின் மூன்றாம் பாடல், குறிஞ்சிப் பூவிலிருந்து தேன் இழைக்கிற மலைநாட்டானோடு கொண்ட நட்பு நிலத்தைவிடப் பெரியது என்கிறதே, அதை ஒரு கிர்கிஸியப் பிள்ளைக்கு விளக்க வேண்டும் என்றால் என்னவெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும் என்று பட்டியல் போடச் சொல்லுங்கள். நமக்குத் தெரிந்ததாக நாம் நினைத்திருப்பதில் எவ்வளவு தெரியாது என்று அந்தப் பட்டியல் காட்டும்.

எழுதியதைச் சத்தமாகப் படிப்பது விருப்பம் மட்டுமே. கட்டாயப்படுத்தாதீர்கள்.

படி 8: உரசல் வரும்போது

வரும். வந்தே தீரும். அதற்கு முன்கூட்டியே இரண்டு மூன்று விஷயங்களை முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பிள்ளையையும் அதன் சமூகத்தின் சார்பாக எழுப்பாதீர்கள். 'நீ தோடர்தானே, உங்க ஊர்ல எப்படின்னு சொல்லு' என்று கேட்பது அக்கறை மாதிரி தெரிந்தாலும், அந்த நிமிடமே அது வகுப்புத் தோழி என்பதிலிருந்து காட்சிப் பொருளாகிவிடுகிறது. தானாகச் சொன்னால் கேளுங்கள், அவ்வளவுதான்.

கேலி வந்தால் கேலி செய்தவனை அங்கேயே அவமானப்படுத்தாதீர்கள். முதல் சுற்றுக் கேள்விக்குத் திரும்புங்கள்: கதையில் என்ன இருக்கிறது, நீ என்ன சேர்த்தாய்? தனியாகப் பேச வேண்டியதை வகுப்பு முடிந்து தனியாகப் பேசுங்கள். சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் மட்டும் கதையை நிறுத்திவிட்டு, அது தவறு என்று எல்லார் முன்னாலும் நேராகச் சொல்ல வேண்டும். அங்கே நாசூக்குப் பார்க்கக்கூடாது.

இன்னொன்று. ஒரு சமூகத்தைச் சூனியக்காரர்கள் என்று பயந்து, அந்தப் பயம் கொலை வரைக்கும் போன வரலாறு இந்த மலையில் 19ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. மலைக்காரர்களுக்கு யாரென்று தெரியும். இரட்டைக் குழந்தை, ஒதுக்கப்பட்டவர்கள் என்று கதையில் பேச்சு வரும்போது யாராவது அதை எடுக்கலாம். பெயர் சொல்லாமல், பயம் எப்படி வேலை செய்கிறது என்கிற அளவில் பேசுங்கள். அந்தச் சமூகத்துப் பிள்ளை வகுப்பில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இருப்பதாகவே நினைத்துப் பேசுவது நல்லது. அதே வகுப்பில் இன்னொரு பக்கத்தையும் சொல்லலாம்: கோத்தர்கள் செய்த மண்பாண்டமும் இரும்புக் கருவியும் அவர்களுடைய வாத்தியமும், தோடர்களின் நெய்யும், படுகர்களின் தானியமும், குறும்பர்களின் காட்டுத் தேனும் கைமாறிக்கொண்டிருந்த காலம் இதே மலையில் இருந்தது. ஒருவர் வீட்டுச் சாவுக்கு இன்னொருவர் வாசித்த இசை இல்லாமல் முடியாது. எல்லாரும் சமமாக இருந்தார்கள் என்று அழகுபடுத்த வேண்டாம், ஆனால் ஒருவரை ஒருவர் தெரியாமல் வாழவில்லை.

நேரம், மதிப்பெண், புத்தகம்

ஒரு கதைக்கு நான்கைந்து பீரியட் ஒதுக்குங்கள். ஒரு பருவத்துக்கு ஒரு கதை, முடிந்தால் ஒரு ஜோடி. கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்கு மழையில் விடுமுறை விழுந்துகொண்டே இருக்கும், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பர். பாதிக் கதையில் ஒரு வாரம் இடைவெளி விழுந்தால் சூடு ஆறிவிடும், அதனால் உங்கள் பக்கத்து மழையைப் பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மதிப்பெண் வேண்டாம் என்பது என் கருத்து. தலைமையாசிரியர் கேட்டால் நோட்டைக் காட்டலாம். நோட்டில் நீங்கள் தேட வேண்டியது 'நல்ல கருத்து' அல்ல. முதல் வாரம் 'அவங்க எல்லாரும்' என்று எழுதிய பிள்ளை கடைசி வாரம் 'சிலர்', 'அத்தை மட்டும்', 'துய்ஷேனைத் தவிர' என்று எழுத ஆரம்பித்திருந்தால் வேலை நடந்திருக்கிறது.

புத்தகத்துக்கு அலைய வேண்டாம். நீங்கள் சத்தமாகப் படிக்கப்போவதால் வகுப்புக்கு ஒரு பிரதி போதும். பழைய சோவியத் மொழிபெயர்ப்புகள் பல மறுபதிப்பாகக் கிடைக்கின்றன, மாவட்ட மைய நூலகத்திலும் கேட்டுப் பார்க்கலாம். அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நிலை வாரியாக வந்திருக்கும், கீழ் வகுப்புகளுக்கு அதிலிருந்தே தொடங்குங்கள்.

பெற்றோர் யாராவது வந்து, பாடப்புத்தகத்தில் இல்லாததை ஏன் நடத்துகிறீர்கள் என்று கேட்டால், பிள்ளையின் நோட்டையும் கதைப் புத்தகத்தையும் கையில் கொடுத்து உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் பிள்ளையே படித்துக் காட்டட்டும்.